பழைய பேஸுக்கு நீலம் அடித்த கதை

பேஸ் கிட்டாருக்கு நீலம் அடிக்கப் போகிறேன் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், தெரிந்த பேஸ் வாசிப்பாளர்கள் ஆளுக்கொரு படத்தை அனுப்பித் தள்ளிவிட்டார்கள். வெளிர் நீலத்தில் பிரிசிஷன் மாடல், கருநீலத்தில் ரிக்கன்பேக்கர் கம்பெனி பேஸ், மர ரேகை தெரியும்படி நீலச் சாயம் ஏற்றிய ஐந்து கம்பி பேஸ், வெயிலில் மினுங்கும் மெட்டாலிக் நீலத்தில் ஜாஸ் பேஸ். சிவப்பு, கறுப்பு வைத்திருப்பவர்கள் இத்தனை ஆர்வமாகக் காட்டி நான் பார்த்ததில்லை. நீலக்காரர்களுக்கு இதில் தனி மோகம். படத்தைக் காட்டிவிட்டு எல்லாரும் தவறாமல் ஒரே வரியைச் சேர்க்கிறார்கள்: "நேர்ல பார்த்தா இந்தக் கலர் இல்ல, வேற மாதிரி இருக்கும்."

அவர்கள் சொல்வது பொய்யில்லை. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பாதியில் நீலமே இல்லை. ஒன்று பச்சை, ஒன்று சாம்பல், இன்னொன்று கத்தரிப்பூ நிறம். "இது பச்சையா இருக்கே" என்று கேட்டால் உரிமையாளருக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. ஆனாலும் அது பச்சைதான். காரணம் மஞ்சள். அடியில் இருக்கிற மரம் மஞ்சள், மேலே அடிக்கிற வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சள், வீட்டு பல்பின் வெளிச்சமும் மஞ்சள். கீழேயிருந்தும் மேலேயிருந்தும் வரும் மஞ்சளை நிறுத்தினால் நீலம் நீலமாக நிற்கும். மற்ற வேலையெல்லாம் எந்த நிறத்துக்கும் செய்கிற வேலைதான். ஆகவே இந்தப் பதிவில் மஞ்சளைப் பற்றித்தான் அதிகம் வரும்.

கொஞ்சம் பழைய கதை. அமெரிக்க கிட்டார் கம்பெனியான ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸையும் 1960இல் ஜாஸ் பேஸையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1960களின் தொடக்கத்தில் அவர்கள் வெளியிட்ட நிற அட்டையில் லேக் பிளாசிட் ப்ளூ, சோனிக் ப்ளூ, டாஃப்னி ப்ளூ என்று நீலத்திலேயே பல தினுசு. எதுவும் கிட்டாருக்கென்று கலக்கியது இல்லை. டூபாண்ட் கம்பெனி கார்களுக்காகச் செய்த டூக்கோ, லூசைட் பெயிண்டுகளை வாங்கி அப்படியே அடித்தார்கள். சோனிக் ப்ளூ அதற்குமுன் காடிலாக் காரில் ஓடிய நிறம். இன்னொரு அமெரிக்க கம்பெனியான கிப்சனும் 1963இல் தண்டர்பேர்ட் பேஸைக் கொண்டுவந்த காலத்தில் பெல்ஹாம் ப்ளூ என்ற மெட்டாலிக் நீலத்தை வைத்திருந்தது. இந்த நீலங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. பளபளப்புக்காக மேலே அடித்த நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்தான் வருடம் போகப் போகப் பழுத்து மஞ்சளானது. பழைய பெல்ஹாம் ப்ளூ கிட்டார்கள் பாசிப்பச்சையாக நிற்பதும், வெளிச்சம் படாத பிக்கார்டின் (கீறல் விழாமலிருக்க முகத்தில் பொருத்தும் தகடு) அடியில் மட்டும் அசல் நீலம் தப்பியிருப்பதும் இதனால்தான். அந்தப் பச்சைக்கென்றே ரசிகர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

என்னிடம் இருந்தது ஜாஸ் பேஸ் வடிவத்தில் யாரோ செய்த நகல். நான்கு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), கண்ணாடி மாதிரி கெட்டியான கறுப்புப் பாலியெஸ்டர் பூச்சு. நெக், அதாவது கம்பிகள் ஓடும் கழுத்து, நேராக இருந்தது, அதில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகள் தேயவில்லை, சத்தமும் பரவாயில்லை. நிறம் மட்டும் அலுத்துவிட்டது. பெயிண்ட் மாற்றுவதற்கு இப்படிப்பட்ட பேஸ்தான் சரி. உண்மையான பழைய ஃபெண்டர் கையில் இருந்தால் அதன் பூச்சைச் சுரண்டாதீர்கள். அசல் பூச்சு போனால் அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

கழற்றுவது எளிய வேலை, ஆனால் நிதானம் வேண்டும். நடுத்தரப் பருமனுள்ள நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கை 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும். கம்பிகளைத் தளர்த்தும்போது ட்ரஸ் ராடையும் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். எதிரிழுப்பு இல்லாமல் நெக் பின்பக்கம் வளைந்து கிடப்பது நல்லதில்லை. ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் கொட்டாமல், அட்டையில் பிக்கார்டின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த இடமோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். நெக் ஸ்க்ரூ நான்கும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அதனதன் ஓட்டையில் பழகியவை. வயர்களைக் கழற்றும் முன் கிட்டத்தில் இரண்டு படம் எடுத்துக்கொண்டால் பிறகு மண்டை காய வேண்டியதில்லை. கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் ஒரு மெல்லிய எர்த் வயர் ஒளிந்திருக்கும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது அதனால்தான். அதன் நுனியைச் சுருட்டி ஓட்டைக்குள் தள்ளி டேப் ஒட்டினேன்.

பாலியெஸ்டரை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தாள்தான் தீரும், பூச்சு தீராது. கிளம்புகிற தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. சுடுகாற்று ஊதும் ஹீட் கன்தான் வழி. ஒரு ஓரத்தில் சூடு காட்டி, முனை மழுங்கிய பட்டி பிளேடை அடியில் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு கறுப்பு மேற்பரப்பில் சின்னச் சின்னக் குமிழ் எழும்பும். பிளேடை மெல்லத் தள்ளினால் 'டப்'பென்று ஒரு துண்டு விட்டுக்கொடுக்கும். சூடும் பிளேடும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் உள்ளங்கை அளவுக்குத் தகடு தகடாக வரும். கன் ஒரே இடத்தில் நின்றால் மரம் கருகும், ஒட்டுப் பசையும் இளகும். விளிம்புகளில் பொறுமை அதிகம் தேவை. அங்கே பிளேடு மரத்தில் இறங்கினால் பிறகு அந்தப் பள்ளத்துக்குப் பட்டி வைத்து மாளாது. ஜன்னல்களைத் திறந்து, கரிம ஆவியை வடிகட்டும் மாஸ்க் போட்டுச் செய்தேன். துணி மாஸ்க் இதற்குப் பயன்படாது.

கறுப்புக்கு அடியில் ஆல்டர் மரம், மூன்று துண்டு ஒட்டியது. நடுத்துண்டு வெளிர் பழுப்பு, ஒரு பக்கத்துண்டு செம்மஞ்சள். இதைப் பார்த்ததும் ஒரு விஷயம் தானாகவே முடிவாகிவிட்டது: ரேகை தெரியும் நீலச் சாயம் இதற்கு ஆகாது. அந்தச் சாயம் ஒளி புகுவது. அடியில் என்ன நிறமோ அதோடு கூடித்தான் கண்ணுக்கு வரும். செம்மஞ்சள் துண்டின் மேல் அது அழுக்குப் பச்சையாகும், பக்கத்துத் துண்டில் வேறொரு பச்சை. மேப்பிள், ஆஷ் போன்ற வெளுத்த மரத்தில் சாயம் அழகாக வரும். அங்கேகூட முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு என்று இரண்டு திரவம் தடவி மரத்தை வெளுத்துவிட்டுச் சாயம் ஏற்றுகிறவர்கள்தான் படத்தில் பார்க்கிற அந்தச் சுத்தமான நீலத்தை எடுக்கிறார்கள். தவிர, சாயங்கள் பெரும்பாலும் வெயிலில் வெளிறும். கரையாத வண்ணப் பொடியான நிறமி அந்த விஷயத்தில் உறுதியானது. எனவே மரத்தை முழுக்க மறைக்கிற மெட்டாலிக் நீலம் என்று தீர்மானித்தேன்.

நீல நிறமிகளில் இன்று எங்கும் இருப்பது காப்பர் தாலோசயனின். 1930களில் சந்தைக்கு வந்தது. கார் பெயிண்ட், அச்சு மை, பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் உண்டு. வெயிலுக்கு அசையாது. அதில் இரண்டு சாய்வு உண்டு: ஒன்று பச்சைப் பக்கம் சாயும், மற்றொன்று சிவப்புப் பக்கம். பேஸுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புப் பக்கம் சாய்வதை எடுங்கள். மேலே எந்த வார்னிஷ் அடித்தாலும் துளி மஞ்சள் வந்தே தீரும். ஏற்கெனவே பச்சைப் பக்கம் சாய்ந்த நீலத்தின் மேல் அந்தத் துளி விழுந்தால் கதை முடிந்தது. (2009இல் ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாஸ் சுப்ரமணியனும் அவரது மாணவர்களும் கண்டெடுத்த இட்ரியம், இண்டியம், மாங்கனீசு சேர்ந்த நீலம் ஒன்று இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸுக்குப் பொருள் தேடி உலையில் சுட்டபோது எதிர்பாராமல் கிடைத்த நிறம். அதை அடித்த பேஸ் ஒன்றை வாசித்துப் பார்க்க ஆசைதான். ஆனால் இண்டியம் சேர்ந்த நிறமியை டப்பா டப்பாவாக யார் வாங்குவது?)

மரத்தில் இரண்டு மூன்று பள்ளம் இருந்தது. ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியின் முனையால் அழுத்தினால் நீராவி இறங்கி, நசுங்கிய நார்கள் உப்பி எழுந்துவிடும். நார் அறுந்த பள்ளம் எழாது. அதற்கு மட்டும் பட்டி. பிறகு 120, 180, 240, 320 என்று உப்புத்தாள், ரேகையின் போக்கிலேயே. ஆல்டரில் துளைகள் பொடி என்பதால் ரேகை நிரப்பும் பேஸ்ட் தேவைப்படவில்லை. ஆஷ் மரமாக இருந்தால் அதைத் தவிர்க்க முடியாது. இல்லையென்றால் பெயிண்ட் காய்ந்து சுருங்கச் சுருங்க ரேகைகள் வாய்க்கால் வாய்க்காலாக மேலே தெரியும்.

நெக் உட்காரும் பள்ளத்தில் பெயிண்ட் ஏறக் கூடாது. அங்கே ஒரு கோட் ஏறினாலும் நெக் இறுகி, உள்ளே தள்ளும்போது ஓரத்துப் பெயிண்ட் விரிசல் விடும். அந்தப் பள்ளத்தில் நீளமான மரச்சட்டம் ஒன்றை நெக் ஓட்டைகள் வழியாகவே ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். பள்ளத்துக்கு மூடியும் ஆயிற்று, பாடியைத் திருப்பித் திருப்பி அடிக்கக் கைப்பிடியும் ஆயிற்று.

அடுத்து மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கோட், அதன்மேல் வெள்ளை பிரைமர். பிரைமர் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மரத்தின் மஞ்சளை மறைக்கிற வேலை முழுக்க இதனுடையது. முதல் கோட்டிலேயே பாடி வெள்ளையாகத் தெரியும். ஆனால் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் செம்மஞ்சள் துண்டு லேசாகப் பல் இளிக்கும். அது முழுக்க அடங்கும்வரை அடித்து, 400 தாளால் சமன் செய்தேன்.

நீலத்தைத் தொடும் முன் சோதனைப் பலகை. இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான். மீதமான பலகைத் துண்டுகளில் அடிப்பூச்சை வெள்ளை, வெள்ளி, அடர் சாம்பல் என்று மாற்றி மாற்றி அடித்து, எல்லாவற்றின் மேலும் ஒரே நீலத்தை ஒரே அளவில் அடித்தேன். வெள்ளையின் மேல் நீலம் தெளிந்து மேலெழுந்து நின்றது. வெள்ளியின் மேல் மினுமினுப்புக்கு ஆழம் கூடியது, ஆனால் மொத்தத்தில் ஒரு சாம்பல் பூத்த மாதிரி. அடர் சாம்பலின் மேல் இரவு வானம். மேடைக்குச் சரி, பகலில் கறுப்பு என்றே நினைப்பார்கள். வெள்ளையை எடுத்துக்கொண்டேன்.

பிறகு அதே பலகைகளில் மேல் வார்னிஷைச் சோதித்தேன். எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் டப்பாவிலேயே தேன் நிறம். நீலத்தின் மேல் தடவிய அன்றே மயில்கழுத்து நிறமாகிவிட்டது. புது நைட்ரோ லேக்கர் அவ்வளவு மோசமில்லை. ஆனால் பலகையில் பாதிக்கு அலுமினியத் தாள் சுற்றி வெயில் ஜன்னலில் வைத்திருந்தேன். தாளை எடுத்தபோது நடுவே மெல்லிய கோடு விழுந்திருந்தது, வெயில் பட்ட பாதி லேசாக மஞ்சள் தட்டி. தண்ணீர் வகை அக்ரிலிக்கிலும், கார்களுக்கு அடிக்கிற இரு கலவை யூரித்தேன் கிளியரிலும் (நிறமில்லாத மேல்பூச்சு) எந்தக் கோடும் இல்லை. யூரித்தேனில் எல்லாமே அப்படி இருக்காது; அலிபாட்டிக் என்ற வகை ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் இரண்டாவது திரவம்) சேர்ந்ததுதான் மஞ்சளாகாமல் தாக்குப்பிடிக்கும். கார்க்காரர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் ஆயுசுக்கும் ஆஸ்துமாவாக நிற்கக்கூடிய சமாச்சாரம். வாசனையை வைத்து மட்டிட முடியாது. மூக்குக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டால் ஏற்கெனவே அதிகம். வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடியும் காற்றோட்டமுள்ள பெயிண்ட் அறையும் இல்லாமல் வீட்டில் இதை அடிக்கக் கூடாது. அதனால் தெரிந்த கார் பெயிண்டர் அண்ணன் ஒருவரைப் பிடித்தேன். நீலத்தை நான் அடிக்கிறேன், கிளியர் மட்டும் அவர் என்று ஒப்பந்தம்.

நீலத்தைக் கலக்கியதும் அவரிடமே. சிவப்புப் பக்கம் சாயும் தாலோ நீலம், நடுத்தர அலுமினியத் துகள், அதோடு ஊதா நிறமி ஒரு துளி. வெளுத்த துணியில் மஞ்சள் தெரியாமலிருக்கச் சொட்டு நீலம் விடுகிற அதே கணக்குதான் இந்த ஊதாவுக்கும்: ஊதா மஞ்சளுக்கு நேர் எதிர் நிறம், இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். பல வருடம் கழித்து வரப்போகிற மஞ்சளுக்கு இப்போதே கட்டி வைக்கிற முன்பணம். துளி அதிகமானால் கத்தரிப்பூ. தடவிப் பார்த்து, காய்ந்த பிறகு மறுபடி பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். ஈரத்தில் இருக்கிற நிறம் வேறு, காய்ந்த நிறம் வேறு.

மெட்டாலிக் அடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெயிண்டில் மிதப்பவை பொடிப்பொடியான அலுமினியத் தகடுகள். ஈரமாக, கிட்டத்திலிருந்து அடித்தால் அவை மூழ்கித் தாறுமாறாகப் படுத்து, அந்த இடம் கறுத்துத் தெரியும். உலர்வாக, தூரத்திலிருந்து அடித்தால் மேலேயே தங்கி அந்த இடம் வெளுக்கும். தட்டையான கதவில் இது பெரிய பிரச்சினை இல்லை. பேஸில் இரண்டு கொம்பு, இடுப்பு வளைவு, வயிற்றுப் பக்கச் செதுக்கல் என்று எங்கு பார்த்தாலும் வளைவு. நான் நேர்கோட்டில் கையை ஓட்டியதைப் பார்த்துவிட்டு அண்ணன் குறுக்கிட்டார்.

"தம்பி, பானட்டுக்கு அடிக்கிற மாதிரி போகாதீங்க. இது நாலு பக்கமும் வளையுது. வளைவுல கை நின்னா அந்த இடம் மட்டும் கறுத்துடும்."

"அப்ப ஓரத்தை முதல்ல முடிச்சிடலாமாண்ணே?"

"ஓரம் முதல்ல, முகம் கடைசில. கடைசி கோட்டு மட்டும் ஒண்ணரை மடங்கு தள்ளி நின்னு புகை மாதிரி விடுங்க. அதுதான் எல்லாத்தையும் ஒண்ணாக்கும்."

அப்படியே செய்தேன். முதல் கோட்டுகள் சுமார் 20 சென்டிமீட்டர் தூரத்தில், ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூடுகிற மாதிரி. கடைசி ஒன்று 30 சென்டிமீட்டரில். அதுவரை மேல் கொம்பின் அடியில் திட்டாகத் தெரிந்த கருமை, அந்தக் கடைசிப் புகையில் காணாமல் போனது. இந்தக் கட்டத்தில் பேஸைப் பார்த்தால் சப்பென்று இருக்கும். பளபளப்பே இல்லாத சாக்பீஸ் நீலம். பதறி மறுபடி அடிக்கத் தேவையில்லை, கிளியர் ஏறினால்தான் உயிர் வரும். தூசி விழுந்திருக்கிறதே என்று தேய்க்கவும் வேண்டாம். தேய்த்தால் அலுமினியத் தகடுகள் அறுபட்டு, அந்த இடம் கிளியருக்கு அடியில் நிரந்தரமாகக் கீறல் மாதிரி தெரியும்.

கிளியர் மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் இடையில் கால் மணி நேரம் போல. ஓரங்களில் ஒரு வீச்சு கூடுதலாகக் கேட்டு வாங்கினேன். பிறகு தேய்க்கும்போது முதலில் மெலிவது அங்கேதான். வீட்டிலேயே நைட்ரோ லேக்கர் அடிக்கிறவர்களுக்கு ஒன்று: காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் அடித்தால் வெள்ளைப் புகை படிந்த மாதிரி பூத்துவிடும், நீலத்தின் மேல் அது பளிச்சென்று தெரியும். மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் தின்னர் சேர்த்து மேலே மெல்லிய கோட் விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். நைட்ரோவுக்கு மூன்று நான்கு வாரமாவது காத்திருந்துதான் பாலிஷ் போட வேண்டும். இரு கலவை கிளியருக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை. ரசாயனமாக இறுகுவதால் சில நாளில் தேய்க்கத் தயார்.

தண்ணீர் விட்டுத் தேய்ப்பது 1500, 2000, 3000 தாள்களில். தண்ணீரில் துளி சோப்பு, தாளுக்குப் பின்னால் ரப்பர் கட்டை. வெறும் விரலால் தேய்த்தால் விரல் வாட்டத்துக்கே பள்ளம் விழும். ஸ்க்ரூ ஓட்டைகள் எல்லாவற்றிலும் மெழுகு அடைத்துவிட்டேன். ஓட்டை வழியாகத் தண்ணீர் மரத்தில் இறங்கினால் மரம் உப்பி, ஓட்டையைச் சுற்றிப் பூச்சு வெடிக்கும். போதுமா என்று தெரிந்துகொள்ள ட்யூப்லைட்தான் அளவுகோல். ஆரம்பத்தில் அதன் பிம்பம் பாடியில் நெளிந்து நெளிந்து, ஆரஞ்சுத் தோலில் விழுந்த மாதிரி இருக்கும். தேய்க்கத் தேய்க்க நெளிவு அடங்கி, காம்பவுண்ட் போட்டு பஃப் செய்தபின் விளிம்பு கத்தரித்த மாதிரி ஒரே நேர்கோடு. இடுப்பு வளைவில் மட்டும் அந்தக் கோடு இன்னும் லேசாக நெளிகிறது. அங்கே மேலும் தேய்ப்பதைவிட நெளிவோடு விடுவது மேல். நீலம் வெளியே வந்துவிட்டால் அந்தப் பக்கம் முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

ஓட்டைகளின் வாயை ஒரு பெரிய டிரில் பிட்டைக் கையால் சுற்றி லேசாகச் சாய்த்தேன். ஸ்க்ரூ இறங்கும்போது பூச்சு சில்லு பெயராமலிருக்க அது ஒன்றே காப்பு. ஸ்க்ரூ மரையில் சோப்புத் தேய்த்து இறக்கினால் மரத்தில் வழுக்கிக்கொண்டு போகும்.

வயரிங்கில் புதிதாக ஒன்றும் இல்லை. வால்யூம், டோன் குமிழ்களுக்கான 250 கிலோ ஓம் பாட்கள், 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பழையவையே நன்றாக இருந்தன. குழிகளுக்குள் செப்புத் தகடு ஒட்டி, தகடுகள் சேரும் இடங்களில் சால்டர் துளி வைத்து எல்லாவற்றையும் எர்த்தோடு இணைத்தேன். சிங்கிள் காயில் பிக்கப் இரண்டையும் முழு வால்யூமில் வைத்தால் அவை ஒன்றின் இரைச்சலை ஒன்று அடித்துவிடும். ஒன்றை மட்டும் வைத்து வாசிக்கும்போதுதான் இந்தச் செப்பு கைகொடுக்கும். முன்பைவிட அமைதியாக இருக்கிறது.

பிக்கார்டுக்கும் ஹெட்ஸ்டாக்குக்கும் (நெக்கின் மேல்முனையில் சுருதி முறுக்கிகள் இருக்கும் தலைப்பகுதி) அதிக நேரம் யோசித்தேன். பாடியின் நீலத்தையே ஹெட்ஸ்டாக் முகத்திலும் அடிப்பது நீல பேஸ்காரர்களிடையே பெரிய கௌரவம். நான் அடிக்கவில்லை. நெக்கில் இருந்தது தேன் நிறம் தட்டிய பழைய லேக்கர். நீலத்தின் மேலே ஆகாத மஞ்சள், பக்கத்தில் வந்து நின்றால் நீலத்தை இன்னும் நீலமாக்கிக் காட்டுகிறது. எதிர் நிறங்களைச் சேர்த்து வைத்தால் கண் இரண்டையும் மிகைப்படுத்தும். அதே காரணத்தால் பிக்கார்டும் செம்பழுப்பு ஆமையோட்டு வகை. வெள்ளை பிக்கார்டை வைத்துப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் கண் நேராக வெள்ளைக்குத்தான் போனது. கறுப்பு வைத்தால் நீலம் அமுங்கிவிடுகிறது. ஆமையோட்டு வகையை வைத்ததும் அடுத்து எதையும் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

செட்டப் வழக்கமானதுதான். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, நெக் பாடியோடு சேரும் இடத்தில் கம்பியை அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வருமாறு ட்ரஸ் ராட். 17ஆவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 2.4, மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டர் உயரம். 12ஆவது ஃப்ரெட்டை அழுத்திய சுருதியும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒத்துப்போகும்வரை, பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் சேடில்களை நகர்த்தினேன். தடித்த 'ஈ' கம்பி 41.2 ஹெர்ட்ஸில் நின்றதும், அடுத்த நாள் மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்த்தேன். சும்மா கிடந்த நெக் இழுவிசைக்குப் பழக ஒரு இரவாவது ஆகும்.

சத்தம் மாறியதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். புதுக் கம்பியின் சத்தம் வருகிறது, அவ்வளவுதான். மெல்லிய பூச்சில் மரம் மூச்சு விடுகிறது என்றெல்லாம் சொல்கிறவர்கள் உண்டு. ஆம்ப்ளிஃபயர் வழியாக வருகிற பேஸில் அதைக் காதால் பிரித்துச் சொல்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

படம் எடுப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்; காட்டாத நீல பேஸ் எதற்கு? போன் கேமரா வெளிச்சத்தின் நிறத்தைத் தானாக ஊகித்துச் சரிசெய்யும். சட்டம் முழுக்க நீலம் நிறைந்திருந்தால் அது குழம்பி, மஞ்சளை அள்ளிப் போட்டு நீலத்தைச் சாம்பலாக்கிவிடும். மரத்தரையில் கிடத்தி மஞ்சள் பல்பில் எடுத்தால் பச்சை. நான் சாம்பல் சுவரில் சாய்த்து, வெயில் நேராக விழாத ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அந்தத் தாளுக்கு வெள்ளைச் சமநிலையைப் பூட்டிவிட்டு எடுத்தேன். ஃபிளாஷ் போட்டால் அலுமினியத் துகள் மொத்தமும் ஒரே இடத்தில் வெடித்து வெள்ளைப் பொட்டாகிவிடும். மேடையில் எடுத்த படத்தை நம்பவே வேண்டாம்: நீல விளக்கில் நீல பேஸும் வெள்ளை பேஸும் ஒன்றுபோலவே மின்னும், மஞ்சள் விளக்கில் நீலம் கறுத்துவிடும். "நேர்ல பார்த்தா வேற மாதிரி" என்பதில் பாதி இந்த விளக்குகளின் வேலை.

இனிமேல் பார்த்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். யூரித்தேன் பூச்சுக்குச் சாதாரண ஸ்டாண்ட் போதும். நைட்ரோ அடித்தவர்கள் மட்டும் ஸ்டாண்டின் ரப்பருக்குப் பருத்தித் துணி சுற்றுங்கள், சில ரப்பர்களில் உள்ள இளக்கிப் பொருள் லேக்கரைத் தின்று தழும்பு போட்டுவிடும். சோதனைப் பலகையில் ஒன்றைக் கறுப்புத் தாளில் சுற்றி இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பாடி நிறம் மாறுகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பக்கத்தில் பிடித்துப் பார்க்கலாம். நீலம், அலுமினியம், ஊதா மூன்றின் விகிதத்தையும் கிளியரின் வகையையும் ஒரு சீட்டில் எழுதிக் கன்ட்ரோல் தகட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டேன். எங்காவது இடித்துச் சில்லு பெயர்ந்தால் அதே நீலத்தைத் திரும்பக் கலக்க அது வேண்டும்.